கொடுத்த கையின் கடமை

பிறர்க்கு ஒரு பொருளைக் கொடுத்தவர், அப்பொருளால் பின்னர் விளையும் நன்மை தீமைகளுக்கு எதுவரை பொறுப்பாவார்? அறநூலாருக்கு இவ்வினா மிகப் பழையது. அண்டை வீட்டார் அரிவாள்மனையை இரவல் கேட்டு வரும்போது நாம் இதைப்பற்றிச் சிந்திப்பதில்லை. கொடுத்துவிட்டு, மாலையில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அணு உலையையும், அதனை இயக்கும் கல்வியையும் கொடுக்கும்போது அவ்வாறு எண்ணாதிருக்க இயலுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

தேனாம்பேட்டையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. நந்தனமும் கோட்டூர்புரமும் கடந்து அடையாற்றுப் பக்கம் சென்றால் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. கடற்கரையை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் சென்றால் கல்பாக்கம் வருகிறது. முன்னதில் அணுவின் கதிர் நோய் தீர்க்கிறது. பின்னதில் அணுவின் வெப்பம் மின்சாரமாகிறது. இவ்விரண்டின் தொடக்க வரலாற்றிலும் ஒரே நாட்டின் பெயர் காணப்படுகிறது. அந்நாடு கனடா.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தைப் பல்லாண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954ஆம் ஆண்டில் பன்னிரண்டே படுக்கைகளோடு அடையாற்று நிலையத்தைத் தொடங்கினார். அவர்தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளையே அந்நிலையத்துக்கு அளித்தனர். அங்குத்தான் 1950களின் பிற்பகுதியில், கனடாவின் கொடையாகக் கோபால்ட்-60 கதிர்மருத்துவக் கருவி வந்து சேர்ந்தது. இந்தியாவில் நிறுவப்பட்ட அவ்வகைக் கருவிகளுள் அதுவே முதலாவது. அதற்கு முன்னிருந்த எக்ஸ்-கதிர்க் கருவிகள், உடலின் ஆழத்திலுள்ள கட்டியை எட்டுமுன் மேல்தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். கோபால்ட்டின் கதிரோ தோலை அவ்வளவாக வருத்தாது உள்ளே ஊடுருவிச் செல்லும். நம் ஊர்ப் பெண்கள் இம்மருத்துவத்தைக் 'கரண்டு வைப்பது' என்பர். எத்தனையோ குடும்பங்களில் ஒரு தாய் மேலும் சில ஆண்டுகள் உயிரோடிருந்து பிள்ளைகளை ஆளாக்கியது அந்தக் கரண்டினால்தான்.

இக்கோபால்ட்-60 எங்கிருந்து வருகிறது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். மண்ணிலே கிடைக்கும் கோபால்ட் உலோகத்துக்கு அவ்வாற்றல் கிடையாது. அதனை அணு உலைக்குள் வைத்து, நியூட்ரான்களை உட்கொள்ளச் செய்தால்தான் அது கதிர்வீசும் கோபால்ட்டாக மாறும். அதே உலைக்குள் யுரேனியம் நியூட்ரானை உட்கொண்டு புளுட்டோனியமாக மாறுகிறது. அணுகுண்டுக்கு வேண்டுவது அது. கோபால்ட்டைத் தனியே வாழ்த்தி உலையைத் தனியே பழிக்க வழியில்லை. மருந்தும் நஞ்சும் ஒரே அடுப்பில் வேகின்றன.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், 1953 டிசம்பர் 8ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில், அணுவைப் போர்க்களத்தினின்று மீட்டு உழவுக்கும் மருத்துவத்துக்கும் மின்சாரத்துக்கும் உரியதாக்குவோம் என்று உரையாற்றினார். 1955இல் ஜெனீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டுக்கு நம் நாட்டு அறிஞர் டாக்டர் ஹோமி பாபா தலைமை தாங்கினார். 1957இல் பன்னாட்டு அணுசக்தி முகமை வியன்னாவில் தோன்றியது. அணுவின் நன்மையை உலகெங்கும் பரப்புவது, அது படைக்கலமாகாமல் காப்பது ஆகிய இரு கடமைகள் அதன் அமைப்புச் சட்டத்தில் ஒருங்கே எழுதப்பட்டன. ஒரே ஆள் பந்தி பரிமாறவும் வேண்டும், சமையலறைச் சாவியையும் காக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு அது.

காவல் என்னும் பகுதியை பாபா அன்றே எதிர்த்து வாதிட்டார். குண்டு வைத்திருக்கும் நாடுகளைச் சோதிக்க எவரும் செல்லாதபோது, உதவி கேட்டு வரும் ஏழை நாடுகளை மட்டும் சோதிப்பது உலகை இரண்டாகப் பிரிப்பதாகும் என்பது அவர் கட்சி. அவ்வாதத்தில் நியாயம் உண்டு, இன்றும் உண்டு. பெரிய பள்ளிகளின் வாயிலைக்கூட மிதிக்காத ஆய்வாளர், கிராமத்து ஓராசிரியர் பள்ளிக்கு மட்டும் ஆண்டுதோறும் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அவ்வாசிரியர் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் அறிவோம்.

இத்தகைய சூழலில்தான், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா ஓர் ஆராய்ச்சி உலையை இந்தியாவுக்கு வழங்கியது. 1956 ஏப்ரலில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பம்பாயை அடுத்த டிராம்பேயில் உலை எழுந்தது. அதற்கு வேண்டிய 21 டன் கன நீரை அமெரிக்கா தந்தது. இரு நாடுகளின் பெயரும் இணைந்து 'சைரஸ்' என அழைக்கப்பட்ட அவ்வுலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. நம் பொறியாளர் பலர் கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று பயிற்சி பெற்று மீண்டனர். உலையையும் அதிலிருந்து வருவனவற்றையும் அமைதிப் பணிகளுக்கே பயன்படுத்துவோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. அவ்வாறு நடக்கிறதா என்று வந்து பார்க்கும் உரிமையை மட்டும் கனடா கேட்டுப் பெறவில்லை.

1974 மே 18ஆம் நாள், இராசத்தானத்துப் பொக்ரான் பாலைநிலத்தின் அடியில் இந்தியா அணுவெடிச் சோதனை நிகழ்த்தியது. அதற்குரிய புளுட்டோனியம் சைரஸ் உலையில் உண்டானது. 'அமைதிக்கான அணு வெடிப்பு' என்று அரசு அதற்குப் பெயரிட்டது. அணு வெடிப்பால் கால்வாய் வெட்டலாம், சுரங்கம் அகழலாம் என்று அமெரிக்காவும் சோவியத்து நாடும் அக்காலத்தில் சோதித்து வந்தது மெய்யே. ஆதலின் அச்சொல்லாட்சி முழுவதும் நாமே புனைந்ததன்று. ஆயினும், கனடா அச்சொல்லை எப்பொருளில் ஏற்றுக்கொண்டது என்பதை நம்மவர் அறியாதவரல்லர். அச்சோதனையில் முன்னின்று உழைத்த டாக்டர் ராஜா ராமண்ணாவே, 1997ஆம் ஆண்டில், அது குண்டுதான் என்று வெளிப்படக் கூறினார். சத்தியம் என்பது எழுத்தைக் காப்பாற்றுவது மட்டுமாயின் நாம் பொய்த்தோமில்லை. கேட்டவர் கொண்ட பொருளைக் காப்பதும் அதில் அடங்குமாயின், நாம் பிறழ்ந்தோம். அணுவிரதங்களுள் ஒன்றாக வாய்மையை வைத்திருக்கும் நம்மனோர், நாட்டுப்பற்றின் பெயரால் இதனை மழுப்புவது தகாது.

இனிக் கொடுத்தவர் பக்கம் நோக்குவோம். சமந்தபத்திர ஆசாரியர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார் விலக்கவேண்டிய அனர்த்த தண்டங்களைக் கூறுமிடத்தில் இம்சாதானம் என்ற ஒன்றைச் சேர்க்கிறார். கொலைக்குக் காரணமாகும் பொருள்களைப் பிறர்க்கு வழங்குதல் என்பது அதன் கருத்து. வாளும் நஞ்சும் அவ்வரிசையில் இருப்பது வியப்பன்று. கோடரியும் மண்வெட்டியும் தீயும்கூட அங்கே உள்ளன என்பதே உற்றுநோக்கத் தக்கது. மண்வெட்டி இல்லாமல் உழவில்லை. தீ இல்லாமல் அடுப்பில்லை. அவற்றை எவருக்கும் கொடாதே என்பது ஆசாரியர் கருத்தாக இருக்க முடியாது. பொருள்களை நல்லன, தீயன என்று பிரித்துவிட்டு, நல்ல பொருளைத்தானே கொடுத்தோம் என்று கொடுத்தவர் ஒதுங்கிக்கொள்ள அவ்வரிசை இடந்தரவில்லை என்றே நாம் கொள்கிறோம். எப்பொருளாயினும், யார் கையில், எதற்காக என்று கேட்கும் கடமை கொடுத்தவரைத் தொடர்கிறது. கனடா கேட்கவில்லை. 'அமைதி' என்ற சொல்லைப் பெற்றுக்கொண்டு நிறைவடைந்தது.

1974க்குப் பின்னர்க் கனடா செய்தது மற்றோர் எல்லை. அணுத்துறை உதவி அனைத்தையும் உடனே நிறுத்தியது. 1976இல் உறவை முற்றாக முறித்துக்கொண்டது. இராசத்தானத்தில் அது கட்டித் தந்துகொண்டிருந்த இரண்டாவது மின் உலை பாதியில் நின்றது. நம்மவர் தாமே முயன்று 1981இல்தான் அதை முடித்தனர். வழங்கும் நாடுகள் தமக்குள் ஒரு குழு அமைத்து, எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று வரையறை செய்தன. பிரான்சு நாட்டின் துணையோடு கல்பாக்கத்தில் திட்டமிட்டிருந்த வேக ஈனுலைக்கு அங்கிருந்து வரவேண்டிய எரிபொருளும் வரவில்லை.

ஆயினும் நடந்தது யாது? சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை, கனடாவின் வடிவைத் தழுவி, நம்மவர் கையாலேயே எழுந்து 1983 ஜூலையில் உயிர்பெற்றது. பிரான்சின் எரிபொருளுக்குப் பதிலாக யுரேனியமும் புளுட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை நம் அறிஞர் தாமே உருவாக்கி, 1985 அக்டோபரில் வேக ஈனுலையையும் இயக்கிக் காட்டினர். இயந்திரத்தைக் கொடுக்காமல் நிறுத்தலாம். கற்றுக்கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? ஆகாரம், அபயம், ஒளடதம், சாத்திரம் என நம் மரபு கூறும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் மட்டும் கொடுத்தவர் கையினின்று முழுவதும் நழுவிவிடும் இயல்பினது. ஆசிரியத் தொழிலில் இருந்தோர்க்கு இது நன்கு தெரியும். நம்மிடம் கூட்டல் பயின்றவர் எல்லாரும் நேர்மையாகக் கணக்கெழுதுகின்றனரா? அதற்காகக் கூட்டலைக் கற்பிக்காமல் விடுதலும் இயலாது.

ஒருபக்கம் எதையும் கேளாமல் கொடுப்பதும், மறுபக்கம் சினங்கொண்டு அனைத்தையும் நிறுத்துவதும் ஆகிய இரண்டிலும் ஒரு குறை பொதுவாக இருக்கிறது. இரண்டும் கொடையை ஒருநாள் நிகழ்ச்சியாக எண்ணுகின்றன. கொடுத்த பின்னும் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருத்தல் என்ற நெடிய உழைப்பு இரண்டிலும் இல்லை.

அவ்வுழைப்பு இல்லாவிடில், தீய எண்ணமே இல்லாத இடத்திலும் உயிர் போகும் என்பதற்கு மூன்றாவதாக ஒரு கனடா நாட்டுக் கருவி சான்றாகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை, ஆராய்ச்சிக்காகக் கோபால்ட்-60 அடங்கிய காமாக் கருவி ஒன்றைப் பல்லாண்டுகளுக்கு முன் வாங்கியிருந்தது. பயன்படுத்தியோர் ஓய்வுபெற, கருவி ஒரு மூலையில் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கருதாமல் 2010ஆம் ஆண்டில் அது பழைய இரும்பாக ஏலத்தில் போயிற்று. மாயாபுரிக் கடைத்தெருவில் அதை உடைத்துப் பிரித்த எளிய தொழிலாளர், கோபால்ட் தண்டுகளைக் கையாலேயே எடுத்தனர். பலர் கதிர்வீச்சால் புண்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். அடையாற்றில் உயிர் காத்த அதே பொருள்தான் அங்கே கொன்றது. அங்கே எவருக்கும் கொல்லும் எண்ணம் இல்லை, இருந்தது பிரமாதம். இன்று பேச்சுவழக்கில் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறப்பு என்றாகிவிட்டது. நம் நூல்களில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். இம்சைக்கு வேராக வைத்து எண்ணப்படும்.

கொடுப்பவர், பெறுபவர் என்ற இருவரைப் பற்றியே இதுகாறும் பேசினோம். இருவரும் அரசுகள். அணு உலை எங்கே எழுகிறதோ அங்கே வாழ்பவர் மூன்றாமவர். அவரை உடன்பாட்டில் எங்கும் காணமுடியாது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளத்துக்காகக் கையெழுத்திட்டனர். சோவியத்து ஒன்றியமே மறைந்துபோய், உருசியா அப்பணியை ஏற்று, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் சப்பானின் புகுசிமாவில் உலைகள் சிதைந்ததைத் தொலைக்காட்சியில் கண்ட இடிந்தகரை மீனவப் பெண்கள், நம் கடற்கரையில் இது நேராது என்பதற்கு உறுதி யாது என்று கேட்டுப் பந்தலில் அமர்ந்தனர். அவ்வூரார்மீது அரசத்துரோக வழக்குகள்கூடப் பதிவாயின. 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் நிலையத்துக்கு இசைவளித்தது. ஜூலையில் முதல் உலை இயங்கியது. இன்று இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட் திறனுடன், தென்மாநிலங்களுக்கு மின்சாரம் தருகின்றன. தேனாம்பேட்டையில் நம் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியில் அதன் பங்கும் இருக்கக்கூடும்.

அப்பெண்களின் அச்சம் அறியாமையால் வந்தது என்று அந்நாளில் படித்தவர் பலர் பேசக் கேட்டோம். அறியாமையாகவே இருக்கட்டும். தேர்வுக்கு அஞ்சி நடுங்கும் மாணவியிடம் 'அஞ்சாதே' என்று அதட்டினால் அச்சம் போய்விடுகிறதா? அருகில் அமர்ந்து, அவள் கேட்பதற்கெல்லாம் விடை கூறி, தெரியாததைத் தெரியாது என்றும் ஒப்புக்கொள்ளும்போதுதான் அது சிறிது சிறிதாகக் குறைகிறது. அபய தானத்தை நம் மரபு உயர்வாகப் போற்றுகிறது. மின்சாரத்தைக் கொடுத்து அபயத்தை எடுத்துக்கொள்வதைத் தானம் என்று எப்படி அழைப்பது?

2008ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அமெரிக்காவுடன் ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி, இந்தியா தன் உலைகளைக் குடிமைப் பணிக்குரியன, படைத்துறைக்குரியன எனப் பிரித்து, முன்னவற்றைப் பன்னாட்டு முகமையின் கண்காணிப்பில் வைக்க ஒப்புக்கொண்டது. வழங்கும் நாடுகளின் குழு தடையைத் தளர்த்தியது. ஐம்பதாண்டு இயங்கிய சைரஸ் உலை, அவ்வேற்பாட்டின்படி 2010 டிசம்பர் 31ஆம் நாள் மூடப்பட்டது. கனடா அதே ஆண்டில் நம்மோடு புதிய உடன்பாடு செய்துகொண்டு, 2015இல், ஐந்தாண்டுகளில் மூவாயிரம் டன் அளவுக்கு யுரேனியம் விற்க முன்வந்தது. இம்முறை அது வெறுஞ்சொல்லை நம்பவில்லை. கண்காணிப்பிலுள்ள உலைகளுக்கு மட்டுமே அந்த யுரேனியம் செல்லலாம். நம் கல்பாக்கத்து உலைகளை இந்தியா அக்கண்காணிப்பில் வைக்கவில்லை என்பதையும் இங்குக் கூறவேண்டும். எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோல் வரும்வரை அது மாறாது போலும்.

இக்கண்காணிப்பை இழிவென்று இன்றும் எண்ணுவோர் உளர். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்துக்கு மதிப்பிடல் என்று பெயர். அதனை வெறுமையாக விட்டுக் குறிப்பேட்டை நீட்டினால் எங்கள் பயிற்சியாசிரியை கையொப்பமிட மாட்டார். "சொன்னதோடு உன் வேலை முடிந்ததா அம்மா?" என்பார். மாணவியின் ஏட்டை வாங்கிப் பார்ப்பது அவள்மீது ஐயங்கொண்டு செய்வதன்று. சொன்னவர் தம் பொறுப்பைச் சொல்லோடு முடித்துக்கொள்ளாதிருப்பதற்கான வழி. பார்க்க வருபவர் தம் ஏட்டையும் திறந்து காட்டுவாராயின், பாபாவின் பழைய மனக்குறைக்கும் விடை கிடைத்துவிடும்.

இன்று நாமும் கொடுக்கும் நிலைக்கு வந்துள்ளோம் என்பதால் இவ்வினா நம்மை நோக்கியே திரும்புகிறது. ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்மருத்துவக் கருவி ஒன்றுகூட இல்லை என்று பன்னாட்டு அணுசக்தி முகமை கூறுகிறது. அக்குறையைப் போக்க 2022இல் ஒரு தனித் திட்டத்தையும் தொடங்கியது. அந்நாடுகளில் ஒரு தாய்க்குக் கருப்பைவாய்ப் புற்று வந்தால், நம் அடையாற்றில் அறுபது எழுபது ஆண்டுகளாகக் கிடைத்துவரும் மருத்துவம் அவளுக்கு இல்லை. தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சிக் கொடாமலிருப்பவர், அத்தாயின் முகத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 'பாபாட்ரான்' என்னும் கோபால்ட் கருவியை இந்தியா வியட்நாமுக்கும் மங்கோலியாவுக்கும் கொடையாக அளித்துள்ளது. கனடாவிடம் பெற்ற ஒளடத தானத்தை நாம் வேறு கைகளுக்கு வழங்குகிறோம் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் கோபால்ட்-60க்கு ஓர் இயல்பு உண்டு. ஐந்தேகால் ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் அதன் ஆற்றல் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது நோயாளி அதே அளவு கதிரைப் பெறுவதற்கு இருமடங்கு நேரம் கருவியின்கீழ் அசையாது படுத்திருக்கவேண்டும். ஆகவே சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கோபால்ட் போய்ச் சேரவேண்டும். பழையது பத்திரமாக வெளியேற வேண்டும். வெளியேறிய பழையதிலும் ஒரு மாயாபுரியை உண்டாக்கும் அளவுக்கு ஆற்றல் எஞ்சியிருக்கும். அதைத் திரும்ப எடுத்துவருவது யார், எந்தக் கப்பலில், யார் செலவில், பத்தாண்டு கழித்து அங்குள்ள பொறியாளர் ஓய்வுபெற்றபின் நம்மவருள் யார் சென்று பார்ப்பது என்பனவெல்லாம், கருவி துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன்னரே எழுத்தில் இடம்பெற்றிருத்தல் வேண்டும்.